‘பாக்கீஸா’வின் அந்தக் கடிதத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். 1972இல் வந்த ‘பாக்கீஸா’வை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்திருக்கிறீர்கள். “உங்கள் பாதங்கள் அழகு, தரையில் வைக்காதீர்கள், அழுக்காகிவிடும்” என்ற வசனத்தை வடக்கே ஐம்பது வருஷமாகத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். உங்களுக்கோ சிரிப்புதான் வந்தது, கொஞ்சம் அருவருப்பும் கூட. முன்பின் தெரியாத ஒருவன், தூங்கும் பெண்ணின் காலைப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகிறான், இதில் என்ன காதல் என்று கேட்கிறீர்கள். உருது தெரியாததால் எதையாவது தவறவிட்டேனா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. என் பதில்: மொழியில் தவறவிட்டது கால் பங்கு, படத்தில் தவறவிட்டது முக்கால் பங்கு. அந்த அருவருப்பு மட்டும் நியாயமானது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பதினெட்டு வருஷமாக சப்டைட்டில் எழுதுகிறவன். உருதுவைத் திருவல்லிக்கேணியில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்த மொழி எனக்கு வீட்டில் வந்ததில்லை, உழைத்து வாங்கியது. அதனால் சொல், வசனம், காட்சி இவற்றைப் பற்றித் துணிந்து பேசுவேன். ராகம், தாளம், கதக் அசைவு பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை, அந்தப் பக்கம் போகப் போவதில்லை.

படம் பார்க்காதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் கதையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். நர்கிஸ் ஒரு கணிகை. ஷஹாபுத்தீன் என்ற பெரிய வீட்டுப் பிள்ளை அவளை மணந்து வீட்டுக்கு அழைத்துப் போகிறான், அவன் அப்பா ஏற்க மறுக்கிறார். அவள் கபரஸ்தானில், அதாவது இடுகாட்டில், போய்த் தங்கி, அங்கேயே ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள். குழந்தையைப் பெரியம்மா நவாப்ஜான் எடுத்து வளர்க்கிறாள், அது சாஹிப்ஜான் என்ற பெயரில் இன்னொரு கணிகையாகிறது. ஒரு ராத்திரி ரயில் பயணத்தில் அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது சலீம் தவறுதலாக அந்தப் பெட்டிக்குள் ஏறிவிடுகிறான். அவன் வைத்துவிட்டுப் போன சீட்டுதான் நம் பஞ்சாயத்து. அம்மா, மகள் இரண்டு வேஷமும் மீனாகுமாரி. சலீமாக ராஜ்குமார், ஷஹாபுத்தீனாக அசோக்குமார். எழுதி இயக்கியவர் கமால் அம்ரோஹி. ‘முகல்-ஏ-ஆஸம்’ வசனகர்த்தாக்களில் அவரும் ஒருவர்.

இனி அந்த வரி. படத்தில் வருவது இது: “ஆப்கே பாவ்ன் தேகே, பஹுத் ஹஸீன் ஹைன். இன்ஹேன் ஜமீன் பர் மத் உதாரியேகா, மைலே ஹோ ஜாயேங்கே.” மேற்கோள் காட்டுகிறவர்கள் பாதிப் பேர் ‘ரக்கியேகா’, அதாவது ‘வைக்காதீர்கள்’ என்று மாற்றிவிடுகிறார்கள். மூலத்தில் ‘உதாரியேகா’, ‘இறக்காதீர்கள்’. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் அவள் கால் அந்த நேரத்தில் ரயில் இருக்கையின் மேல் இருக்கிறது. தரைக்கும் அதற்கும் இடையில் ஒரு உயரம் இருக்கிறது. அந்த உயரத்திலேயே இருக்கட்டும் என்கிறான். ஏற்கெனவே மேலே இருப்பதைத்தானே இறக்க முடியும்!

அடுத்து அந்த ‘இயேகா’. உருதுவில் கட்டளைக்குப் பல படிகள் உண்டு. ‘உதார்’ என்றால் ‘இறக்கு’, ‘உதாரோ’ என்றால் கொஞ்சம் சமமாகப் பேசுவது, ‘உதாரியே’ என்றால் ‘இறக்குங்கள்’. ‘உதாரியேகா’ அதற்கும் ஒரு படி மேலே. இப்போது இல்லை, இனி வரப்போகும் நேரத்தில், உங்களுக்குத் தோதுப்பட்டால், என்ற தொனி அதற்குள்ளேயே இருக்கிறது. நம் ‘இறக்காதீர்கள்’ அந்தப் படிக்கு எட்டாது. அதோடு சீட்டு ஆரம்பிப்பதே ‘மன்னிக்கவும்’ என்றுதான், தற்செயலாக உங்கள் பெட்டிக்குள் வந்துவிட்டேன் என்ற விளக்கத்தோடு. ‘கம்பார்ட்மென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லையே அப்படியே போட்டிருப்பார் அம்ரோஹி. பாரசீக மணம் வீசும் சொற்களுக்கு நடுவே அந்த ரயில்வே சொல் உட்கார்ந்திருக்கும் அழகு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

தமிழ்க் காதில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். ‘ஜமீன்’ என்றதும் நமக்குப் பங்களாவும் மீசையும்தான் ஞாபகம் வரும். அங்கே அது வெறும் மண், தரை. நாம்தான் வரி வசூல் காலத்தில் அந்தச் சொல்லை வாங்கி ஒரு ஆளின் சொத்தாக மாற்றிக்கொண்டோம்.

‘பாவ்ன்’ என்ற சொல்லிடம் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். ஒரு சின்னத் திரையிடலுக்காக முதன்முதலில் இந்தக் காட்சிக்குத் தமிழ் வரி எழுதியபோது “உங்கள் கால்களைப் பார்த்தேன், மிகவும் அழகு” என்று போட்டுவிட்டேன். அறை முழுக்கச் சிரிப்பு. தப்பு என்னுடையதுதான். தமிழில் ‘கால்’ என்றால் இடுப்புக்குக் கீழே எல்லாமும்தான். சலீம் பார்த்தது போர்வைக்கு வெளியே தெரிந்த, சிவப்புச் சாயம் பூசிய பாதத்தை மட்டும். சரி, ‘பாதம்’ என்று மாற்றலாம் என்றால் அது கோயில் பக்கம் போய்விடுகிறது. ‘அடி’ சரியான சொல், ஆனால் இன்றைக்கு அடி என்றால் உதைதான். கடைசியில் ‘பாதங்கள்’ என்றே வைத்தேன், அரைமனதோடு.

ஆனால் பாதத்தைப் புகழ்வதே விநோதம் என்று நினைத்தால், நம் வீட்டுப் பரணில் இருப்பதை மறந்துவிட்டோம் என்று அர்த்தம். அனிச்சப் பூவும் அன்னத்தின் இறகும்கூட இவள் அடிக்கு நெருஞ்சிப் பழம் என்கிறது குறள். சிலப்பதிகாரத்தில் இன்னும் நெருக்கமாகவே இருக்கிறது. அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும்போது “வண்ணச் சீறடி மண்மகள் அறிந்திலள்” என்கிறார். இவளுடைய சின்னச் சிவந்த அடிகளை நிலமகள் பார்த்ததே இல்லை. சலீம் எழுதிய சீட்டின் சாரமும் ஏறக்குறைய இதுதான். அம்ரோஹிக்குச் சிலம்பு தெரிந்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. வெயிலில் மண்ணை மிதிக்க வேண்டாத பெண் என்பது வசதியான வீட்டின் அடையாளம், அது எந்த ஊரிலும் ஒரே மாதிரிப் பாராட்டாகத்தான் வரும்.

விஷயமே இங்கேதான். அந்தப் பாராட்டு யாருக்கு உரியது? கண்ணகிக்கு. மாதவியைப் பார்த்து யாராவது “உன் அடியை மண் அறியாது” என்று சொல்ல முடியுமா? அவள் பிழைப்பே தரையில் காலை வைப்பதில்தானே! சாஹிப்ஜான் ஒரு மாதவி. கண்ணகிக்கு எழுதின வரி மாதவியின் காலருகே வந்து விழுந்துவிட்டது. தபால் விலாசம் மாறிப் போய்விட்டது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை, படமே வாய்விட்டுச் சொல்கிறது. கடிதத்தை நினைத்துக் கனவில் மிதக்கும் சாஹிப்ஜானிடம் தோழி ஒருத்தி சொல்வாள்: இந்தச் சேதி உனக்கு வந்ததில்லை. அந்த நேரம் உன் காலில் சலங்கை கட்டியிருக்காது. கட்டியிருந்தால், தரையில் காலை வைக்காதே, அழுக்காகிவிடும் என்று எவன் சொல்லியிருப்பான்? நீங்கள் பார்த்த ஆங்கில வரியில் இந்தப் பேச்சு எப்படி வந்திருந்ததோ, எனக்கு அதுதான் படத்தின் மையக் காட்சி. கடிதம் புகழ்ச்சியாக இருந்த நிலை மாறி, அவள் நெஞ்சில் ஏறின முள்ளாவது அங்கேதான். ஒவ்வொரு ராத்திரியும் அவள் வீட்டைத் தாண்டிப் போகும் ரயிலின் விசில் கேட்கும்போதெல்லாம் அவள் முகம் மாறும். ‘சல்தே சல்தே’ பாட்டு முடியும் இடத்தில் அந்த விசில் பாட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. பெட்டியிலிருந்து சீட்டு மட்டும் வரவில்லை, தான் வேறு யாராகவோ இருந்திருக்கலாம் என்ற நினைப்பும் கூடவே வந்து சேர்ந்துவிட்டது.

இப்போது ‘மைலே’ என்ற சொல்லைத் திரும்பப் பாருங்கள். மைலா என்றால் அழுக்கு. ‘பாக்கீஸா’ பாரசீகத்திலிருந்து வந்தது, தூய்மையானது என்று பொருள். கடிதத்தில் அழுக்கு, தலைப்பில் சுத்தம். இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்தான் முழுப் படமும் நடக்கிறது. சலீம் அவளை மீண்டும் சந்தித்து, அவள் யாரென்று தெரிந்த பிறகும் நிக்காஹுக்கு அழைத்துப் போகிறான். மௌலவி மணப்பெண்ணின் பெயரைக் கேட்கிறார். அவள் வாயடைத்து நிற்க, சலீம் முந்திக்கொண்டு “பாக்கீஸா” என்கிறான். அன்பாகத்தான் சொல்கிறான். ஆனால் சாஹிப்ஜானுக்கு அது தாங்கவில்லை, ‘இல்லை’ என்று அலறிவிட்டு ஓடுகிறாள். ஏன் ஓடுகிறாள் என்பதைப் படம் விளக்குவதில்லை, அதனால் இனி வருவது என் ஊகம்: முதலில் கடிதம், இப்போது பெயர், இரண்டுமே அவளை வேறு ஒருத்தியாக நினைத்துக் கொடுக்கப்பட்டவை. சுத்தமானவள் என்று பெயர் வைத்தால்தான் ஏற்றுக்கொள்ள முடியும் என்றால், அதற்கு முன்னால் இருந்தவள் யார்? மற்றவர்கள் இதை வெறும் பயம், குற்றவுணர்ச்சி என்று படிக்கிறார்கள். அதையும் தப்பென்று சொல்ல முடியாது.

கடைசி ஆட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வேறொரு பெண்ணோடு நடக்கும் தன் கல்யாணத்துக்கு ஆட சலீம் அவளையே அழைக்கிறான். வெள்ளை விரிப்பு விரித்த கூடத்தில் அவள் கண்ணாடியை உடைத்து, அந்தச் சில்லுகளின் மேலேயே ஆடுகிறாள். வெள்ளைத் துணியில் சிவப்புக் காலடிகள் பதிகின்றன. தரையில் இறக்காதீர்கள், அழுக்காகிவிடும் என்று எழுதியவனின் வீட்டுத் தரையிலேயே, அவன் கண்ணெதிரே. அந்தக் கடிதத்துக்கு அவள் எழுதிய பதில் அதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன். இது ஊகமில்லை, அம்ரோஹி கேமராவைக் கொண்டுபோய் அந்தக் காலடிகளில்தான் வைக்கிறார். நவாப்ஜானும் அதே ரத்தத்தைக் காட்டித்தான் ஷஹாபுத்தீனிடம், இவள் உன் மகள், இது உன் ரத்தம் என்கிறாள். கடிதத்தைச் சிரித்துக் கடந்துவிட்டால் இந்தக் காட்சி வெறும் மெலோடிராமாவாகத்தான் தெரியும்.

இதில் ஒரு வேதனையான உண்மையும் உண்டு. படப்பிடிப்பு ஆரம்பித்தது 1956இல். அம்ரோஹியும் மீனாகுமாரியும் அப்போது கணவன் மனைவி. 1964இல் பிரிந்துவிட்டார்கள், படம் வருஷக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. ஒளிப்பதிவாளர் ஜோசப் வீர்ஷிங் 1967இல் இறந்தார். இசையமைப்பாளர் குலாம் முகம்மது 1968இல் இறந்தார், பாக்கியைப் பிறகு நௌஷாத் முடித்துக்கொடுத்தார். மறுபடி வேலை தொடங்கியபோது மீனாகுமாரிக்கு ஈரல் நோய் முற்றியிருந்தது. நடனத்தில் பல ஷாட்டுகளில் அவருக்குப் பதிலாக ஆடியவர் பத்மா கன்னா. பாதத்தைப் பற்றிய படத்தில், நாம் பார்க்கும் பாதம் எல்லா நேரமும் நாயகியுடையது இல்லை. படம் 1972 பிப்ரவரி 4 அன்று வெளியானது, மீனாகுமாரி மார்ச் 31 அன்று இறந்தார். அவர் இறந்ததால்தான் படம் ஓடியது என்ற கதை ஒன்று சுற்றுகிறது, அதற்கு எதிர்க்கதையும் சுற்றுகிறது. இரண்டையும் அப்படியே நம்பிவிட முடியாது. தேதிகள் மட்டும் உறுதி.

இது உருதுப் படமா, ஹிந்திப் படமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இலக்கணம் இரண்டுக்கும் ஒன்றுதான், சொற்களும் எழுத்தும் மரியாதை முறையும்தான் பிரிக்கின்றன. அந்தக் கணக்கில் வசனம் முழுக்க உருது. தங்கள் வீடுகளே தங்கள் மக்பராக்கள் (கல்லறைகள்), அதில் செத்த பெண்களின் உயிருள்ள ஜனாஸாக்கள் (பிணப்பாடைகள்) அலங்கரித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று சாஹிப்ஜான் பேசும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனாஸாவும் கபரும் தமிழ் முஸ்லிம் வீடுகளில் தினசரிப் பேச்சு. அந்த வாசகருக்கு சப்டைட்டிலே வேண்டாம். ஆனால் பாட்டுகள் அப்படியில்லை. ‘இன்ஹீ லோகோன் நே’ பாட்டு லக்னோவைச் சுற்றியுள்ள அவத் பக்கத்துப் பேச்சு வழக்கில் போகிறது. அதை ஒரு குறும்புப் பாட்டாகத்தான் பலரும் கேட்கிறார்கள். என்ன சொல்கிறது பாருங்கள்: இவர்கள்தான் என் துப்பட்டாவைப் பறித்தவர்கள். என்னை நம்பாவிட்டால் துணிக்கடைக்காரனைக் கேள், கெஜம் ஒரு பொற்காசு என்று விற்றவன் அவன். சாயக்காரனைக் கேள், ரோஜா நிறம் ஏற்றியவன் அவன். சிப்பாயைக் கேள், நடுச்சந்தையில் பிடுங்கியவன் அவன். துப்பட்டாவை முந்தானை என்று மாற்றிப் படித்தால் நமக்குப் பட்டென்று புரியும். விற்றவன், சாயம் ஏற்றியவன், பிடுங்கியவன் எல்லோரும் அவள் முன்னால் உட்கார்ந்து தலையாட்டி ரசிக்கிறார்கள். எதிரில் இருப்பவர்களைப் பார்த்து நடுக்கூடத்தில் குற்றப்பத்திரிகை வாசிக்கிறாள், அவர்கள் காசை வீசுகிறார்கள்.

இன்னொன்று. ‘தவாயிஃப்’ என்ற சொல்லுக்கு நீங்கள் உங்கள் கேள்வியில் ‘விலைமாது’ என்று எழுதியிருந்தீர்கள். குறையாகச் சொல்லவில்லை, சப்டைட்டில்களே அப்படித்தான் தள்ளிவிடுகின்றன. பாட்டு, ஆட்டம், கவிதை, சபையில் பேசும் நயம் எல்லாம் சின்ன வயதிலிருந்து பயின்றவர்கள் அவர்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகளைப் பேச்சுப் பழக அவர்களிடம் அனுப்பிய காலமும் உண்டு என்பார்கள். தேவதாசி என்றும் போட முடியாது, அது கோயிலோடு கட்டப்பட்டது. நான் ‘கணிகை’ என்று போடுகிறேன். அவர்கள் வீட்டுக்குப் பெயர் ‘கோட்டா’, மாடி வீடு. இந்தச் சொல்லைத் தமிழில் எழுதினால் இடஒதுக்கீடு பற்றிப் படம் எடுத்த மாதிரி ஆகிவிடுகிறது, அதனால் தவிர்ப்பேன்.

இப்போது உங்கள் அருவருப்புக்கு வருகிறேன். தூங்கும் பெண்ணை அந்நியன் பார்ப்பது இன்றைய கண்ணுக்கு நெருடத்தான் செய்யும், செய்யவும் வேண்டும். மன்னிப்புக் கேட்கிறான், எழுப்பவில்லை, தொடவில்லை, பெயர்கூட எழுதாமல் இறங்கிப் போகிறான் என்று சலீம் பக்கம் வாதாடலாம். பர்தா வழக்கமுள்ள சமூகத்தில் அந்நியன் கண்ணில் படக்கூடியது பாதம் ஒன்றுதான் என்றும் சொல்லலாம். இந்த வாதமெல்லாம் அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்பதை விளக்குமே தவிர, அதை நியாயப்படுத்திவிடாது. படம் அதைக் காதலாகத்தான் பார்க்கிறது. நாமும் அப்படியே பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான்கூட ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை.

மறுபடி பார்ப்பதாக இருந்தால், கடிதக் காட்சி, தோழியின் பேச்சு, நிக்காஹ், கண்ணாடி ஆட்டம் இந்த நாலையும் மட்டும் தொடர்ச்சியாக ஓடவிட்டுப் பாருங்கள். அதற்கு உதவியாக நான் இப்போது வைத்திருக்கும் தமிழ் வடிவம் இது: “மன்னிக்கவும், தற்செயலாக உங்கள் பெட்டிக்குள் வந்துவிட்டேன். உங்கள் பாதங்களைப் பார்த்தேன். அவ்வளவு அழகு. தரையில் இறக்கிவிடாதீர்கள், அழுக்காகிவிடும்.” இதற்குக் கீழே கையெழுத்துக்குப் பதிலாக ‘ஆப்கா ஏக் ஹம்சஃபர்’ என்று இருக்கும். சஃபர் பயணம், ஹம் என்றால் கூட. வாழ்க்கைத்துணைக்கும் அதே சொல்தான், அந்த இரட்டை அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் சாஹிப்ஜான் அத்தனை ராத்திரி தூங்காமல் கிடக்கிறாள். ‘வழித்துணை’ என்று போட்டுப் பார்த்தேன், அது கூட வந்தவனைச் சொல்கிறது, இவன் வரவில்லை. ‘சக பயணி’ என்று போட்டால் பிளாட்பாரத்தில் அறிவிப்பு கேட்கிற மாதிரி இருக்கிறது. இப்போதைக்கு அந்த இடத்தில் ‘உங்களோடு பயணித்த ஒருவன்’ என்று வைத்திருக்கிறேன். வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.